வங்கதேசம்: உயிர்களைக் காத்த நிர்வாகம் கரைகளைக் காக்கத் தவறியது ஏன்?

1970ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி இரவு, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தின் கடலோரத்தைத் தாக்கிய போலா சூறாவளியில் மூன்று லட்சம் முதல் ஐந்து லட்சம் வரையிலான மக்கள் உயிரிழந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1991 ஏப்ரல் 29ஆம் தேதி சிட்டகாங் பகுதியைத் தாக்கிய சூறாவளி சுமார் 1,38,000 பேரைப் பலிகொண்டது. 2007 நவம்பர் 15ஆம் தேதி வீசிய சிதர் சூறாவளியில் இறந்தோர் சுமார் 3,400 பேர். 2020 மே 20ஆம் தேதி அம்பன் சூறாவளி வந்தபோது வங்கதேசத்தில் ஏற்பட்ட உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது.

இந்தப் புயல்கள் அனைத்தும் ஒரே வலிமை கொண்டவை அல்ல. கரையைக் கடந்த இடமும் கடல் ஏற்றத்தின் நேரமும் வேறுபட்டன. ஆயினும் இந்த ஐம்பது ஆண்டுகளில் அந்நாட்டின் மக்கள்தொகை இரண்டு மடங்குக்கும் அதிகமாகப் பெருகியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உயிரிழப்பு இவ்வளவு குறைந்ததற்கு இயற்கையின் கருணை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

ஆனால், அம்பன் சூறாவளியின் போதே இன்னொரு காட்சியையும் உலகம் கண்டது. குல்னா மாவட்டத்தின் கொய்ரா பகுதியில் வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து ஊர்களுக்குள் உப்புநீர் புகுந்தது. ஐந்து நாட்களுக்குப் பின் நோன்புப் பெருநாள் வந்தது. அன்று உடைந்த கரையைத் தாங்களாகவே கட்டுவதற்காகத் திரண்டிருந்த ஊர் மக்கள், முழங்கால் அளவு நீரில் நின்றபடியே பெருநாள் தொழுகையை நடத்தினர். பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு அய்லா சூறாவளியிலும் இதே கொய்ராவில் கரைகள் உடைந்திருந்தன.

ஒரே நாடு, ஒரே கடலோரம், ஒரே அரசு. இருபத்து நான்கு லட்சம் மக்களை ஓரிரு நாட்களில் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்ல முடிந்த நிர்வாகத்தினால், உடையும் என்று அனைவருக்கும் தெரிந்திருந்த ஒரு மண்கரையை உறுதியாக வைத்திருக்க முடியவில்லை.

பருவநிலை மாற்றத்துக்கு ஏற்பத் தகவமைத்துக்கொள்வது குறித்த விவாதங்கள் பெரும்பாலும் பணத்தையும் தொழில்நுட்பத்தையும் பற்றியே நடைபெறுகின்றன. எனினும், பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2022இல் வெளியிட்ட அறிக்கை, மனித சமூகங்கள் தகவமைத்துக்கொள்வதில் தற்போது சந்திக்கும் பல தடைகள் நிதி, ஆட்சி நிர்வாகம், நிறுவனங்கள், கொள்கைகள் ஆகியவற்றில் உள்ள குறைபாடுகளால் ஏற்பட்டவை என்றும், அவற்றை நீக்க முடியும் என்றும் கூறியது. அந்தக் கூற்றின் இரு பக்கங்களையும் ஒரே இடத்தில் காணத் தருவது வங்கதேசத்தின் அனுபவம்.

எச்சரிக்கை இருந்தும் மாண்டவர்கள்

1970இல் புயல் வருவதை எவரும் அறிந்திருக்கவில்லை என்று கூற முடியாது. வானிலைச் செயற்கைக்கோள் அதனைப் படம் பிடித்திருந்தது. வானொலியிலும் எச்சரிக்கை ஒலிபரப்பாகியது. பின்னர் நடத்தப்பட்ட கள ஆய்வுகள், உயிர் தப்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் புயல் வருவதைக் கேள்விப்பட்டிருந்தனர் என்றும், உறுதியான கட்டடங்களை நாடிச் சென்றவர்கள் மிகச் சிலரே என்றும் காட்டின.

முந்தைய மாதம்தான் ஒரு புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டுப் பெரும் சேதமின்றிக் கடந்து போயிருந்தது. எங்கே போவது, எப்போது போவது, வீட்டையும் மாட்டையும் யார் பார்ப்பது என்ற கேள்விகளுக்கு வானொலி பதில் சொல்லவில்லை. போவதற்கு உறுதியான கட்டடமும் பெரும்பாலான தீவுகளில் இருக்கவில்லை. செய்தி மக்களைச் சென்றடைந்தது. ஆனால் அந்தச் செய்தியின் பேரில் அவர்களைப் பாதுகாக்கும் பொறுப்பு எவரிடமும் இருக்கவில்லை.

பேரழிவுக்குப் பின்னர் ஜெனரல் யஹ்யா கானின் இராணுவ அரசு நிவாரணப் பணிகளில் காட்டிய தாமதம் வங்காளிகளிடையே கடும் கோபத்தை ஏற்படுத்தியது. அடுத்து வந்த பொதுத் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ அவாமி லீக் கைப்பற்றியது. மொழி, பொருளாதாரம், தன்னாட்சி ஆகிய பிரச்சினைகள் நெடுங்காலமாகக் கனன்றுகொண்டிருந்தன என்பதால் அந்த வெற்றிக்குப் புயல் மட்டுமே காரணமல்ல. ஆனால் தொலைவில் இருக்கும் அரசு தங்களைப் பொருட்படுத்தவில்லை என்ற எண்ணத்தை அது உறுதிப்படுத்தியது. மறு ஆண்டு போரின் முடிவில் வங்கதேசம் தனி நாடானது.

கொடியும் ஒலிபெருக்கியும்

புதிய நாட்டில் 1972இல் செஞ்சிலுவைச் சங்கங்களின் முயற்சியால் சூறாவளி ஆயத்தத் திட்டம் தொடங்கப்பட்டது. 1973இல் அரசும் அதன் பொறுப்பை ஏற்றது. இன்றுவரை அது அரசும் வங்கதேசச் செம்பிறைச் சங்கமும் இணைந்து நடத்தும் திட்டமாகவே உள்ளது. சுமார் 76,000 தொண்டர்கள் இதில் உள்ளனர். ஒவ்வொரு பிரிவிலும் இருபது பேர், அவர்களில் பத்துப் பேர் பெண்கள். இவர்களுக்கு ஊதியம் கிடையாது. பயிற்சியும், மழைக்கோட்டு, கைவிளக்கு, ஒலிபெருக்கி போன்ற சாதனங்களுமே அவர்களுக்கு அளிக்கப்படுகின்றன.

வானிலை ஆய்வு நிலையத்தின் எச்சரிக்கை எண்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் துறைமுகங்களுக்காக வகுக்கப்பட்டவை. நான்காம் எண்ணுக்கும் ஏழாம் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு கப்பல் மாலுமிக்குப் புரியும், விவசாயிக்குப் புரியாது. ஆகவே தொண்டர்கள் அதனைக் கொடிகளாக மாற்றினர். ஒரு கொடி என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். இரண்டு கொடிகள் என்றால் ஆபத்து நெருங்குகிறது. மூன்று கொடிகள் ஏறிவிட்டால் உடனே வீட்டை விட்டு வெளியேற வேண்டும்.

இந்தத் திட்டம் ஒரே நாளில் செம்மையடைந்துவிடவில்லை. 1991இல் எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைத்தது, தொண்டர்களும் வீடு வீடாகச் சென்றனர். ஆனால் காப்பிடங்கள் போதுமானவையாக இருக்கவில்லை. பெண்கள் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தனர். அந்நிய ஆண்களோடு ஒரே கூடத்தில் இரவைக் கழிக்கத் தயங்கியவர்களும், கணவர் வரும்வரை பிள்ளைகளோடு வீட்டில் காத்திருந்தவர்களும் அவர்களில் இருந்தனர்.

அந்தத் தோல்வி ஆராயப்பட்டது, திருத்தப்பட்டது. காப்பிடங்களில் பெண்களுக்குத் தனி அறைகளும் கழிப்பிடங்களும் அமைக்கப்பட்டன. மாட்டை விட்டு வர மறுத்தவர்களுக்காகக் கால்நடைகளை ஏற்றும் மண்மேடுகள் எழுப்பப்பட்டன. தொண்டர்களில் பெண்களின் பங்கு படிப்படியாகப் பாதியாக உயர்த்தப்பட்டது. புதிய காப்பிடங்களில் பெரும்பாலானவை ஆரம்பப் பள்ளிகளாகவும் இயங்கின. நாள்தோறும் பயன்படும் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு பூசவும் சாவியை வைத்திருக்கவும் ஓர் ஆள் இருப்பார். புயலுக்காக மட்டும் கட்டப்பட்ட கட்டடமோ, தேவைப்படும் நாளில் பூட்டியோ பாழடைந்தோ கிடக்கக்கூடும்.

1997இல் வெளியிடப்பட்ட பேரிடர் நிலையாணைகள், ஒவ்வோர் எச்சரிக்கை நிலையிலும் எந்த அலுவலர் எதைச் செய்ய வேண்டும் என்பதை வகுத்தன. பிரதமர் தலைமையிலான தேசியப் பேரவையிலிருந்து, மிகக் கீழ்நிலை உள்ளாட்சி அமைப்பான யூனியன் பரிஷத்தின் பேரிடர்க் குழு வரை பொறுப்புகள் பிரித்து எழுதப்பட்டன. 2012இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இதற்குச் சட்ட வலுவையும் அளித்தது.

அரசியல் நோக்கில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. 1975இல் ஷேக் முஜிபுர் ரஹ்மான் படுகொலை செய்யப்பட்டதற்குப் பிறகு அந்நாடு இராணுவப் புரட்சிகளையும், இராணுவ ஆட்சியையும், தேர்தல் புறக்கணிப்புகளையும் கண்டது. சிதர் சூறாவளி வந்தபோது ஆட்சியில் இருந்ததும் இராணுவ ஆதரவு பெற்ற இடைக்கால அரசுதான். இந்த மாற்றங்கள் அனைத்தையும் தாண்டி சூறாவளி ஆயத்தத் திட்டம் நிலைத்தது. டாக்காவில் யார் ஆண்டாலும், கொடி ஏற்றுபவர் அதே ஊர்க்காரராகவே இருந்தார் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நர்கீஸ் தரும் ஒப்பீடு

சிதர் சூறாவளிக்கு ஆறு மாதங்கள் கழித்து, 2008 மே மாதத் தொடக்கத்தில் நர்கீஸ் சூறாவளி பர்மாவின் ஐராவதி டெல்டாவைத் தாக்கியது. இறந்தோரும் காணாமற்போனோருமாக அங்கே சுமார் 1,38,000 பேர் பலியாயினர். இரு நாடுகளும் ஏழை நாடுகள். இரண்டும் ஆற்றுப்படுகைக் கரையோரங்கள். புயலின் பாதை பற்றி 48 மணி நேரத்துக்கு முன்னரே பர்மிய அதிகாரிகளுக்குத் தெரிவித்திருந்ததாக இந்திய வானிலைத் துறை கூறியது.

ஆனால் ஐராவதி டெல்டாவில் காப்பிடங்கள் இல்லை. செய்தியைக் கிராமங்களுக்குக் கொண்டு செல்லும் தொண்டர் அமைப்பும் இல்லை. புயலுக்குப் பின்னர் வெளிநாட்டு உதவிப் பணியாளர்களை இராணுவ ஆட்சியாளர்கள் வாரக்கணக்கில் தடுத்து நிறுத்தினர். மே 10ஆம் தேதி, நாட்டின் பெரும்பகுதியில், திட்டமிட்டபடியே புதிய அரசியல் சாசனத்துக்கான கருத்தறியும் வாக்கெடுப்பையும் நடத்தினர்.

வங்கதேசத்தின் நிர்வாகத்தைப் பாராட்டுவோர் இந்த ஒப்பீட்டோடு நின்றுவிடுவதுண்டு. அந்நாட்டின் தென்மேற்குக் கடலோரத்தில் வாழ்வோரைப் பொறுத்தவரை, கதையின் மறுபாதி அதற்குப் பின்னர்தான் ஆரம்பமாகிறது.

கரைகளின் கதை

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய பேராறுகள் கொண்டுவரும் வண்டல் மண்ணால் உருவான நிலம் அது. ஜமீன்தார்களின் காலத்தில் அங்கே எட்டு மாதக் கரை என்ற ஒரு முறை இருந்தது. வறண்ட மாதங்களில் உப்புநீரைத் தடுக்க மண்கரை எழுப்புவார்கள். மழைக்காலத்தில் அதைத் திறந்துவிட்டு, ஆற்று நீர் வண்டலோடு வயலுக்குள் வர வழிவிடுவார்கள். நிலமும் ஆண்டுதோறும் சிறிது உயர்ந்து வந்தது. 1950இல் ஜமீன்தாரி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னர், அந்தக் கரைகளைக் கவனிக்கும் ஏற்பாடும் குலைந்தது.

1954, 1955 ஆண்டுகளின் பெருவெள்ளங்களை அடுத்து, அயூப் கான் ஆட்சிக்காலத்தில், வெளிநாட்டு நிதியோடும் நெதர்லாந்து வல்லுநர்களின் ஆலோசனையோடும் நிரந்தரக் கரைகள் கட்டப்பட்டன. நாற்புறமும் கரை சூழ்ந்த நிலப்பரப்பு, டச்சு மொழிச் சொல்லால் பொல்டர் என்றே இன்றும் அங்கு அழைக்கப்படுகிறது. மொத்தம் 139 பொல்டர்கள் அமைந்தன. கரைகளின் நீளம் ஏறத்தாழ ஆறாயிரம் கிலோமீட்டர்.

தொடக்கத்தில் உப்புநீர் தடுக்கப்பட்டது, நெல் விளைச்சல் பெருகியது. ஆனால் வயலுக்குள் வர வழியில்லாத வண்டல் ஆற்றிலேயே படிந்தது. ஆற்றுப்படுகை உயர்ந்தது, கரைக்குள் இருந்த நிலம் தாழ்ந்தது. 32ஆம் எண் பொல்டரை அருகிலுள்ள சுந்தரவனக் காட்டோடு ஒப்பிட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வு, கரைக்குள் உள்ள நிலம் சுமார் 1 முதல் 1.5 மீட்டர் வரை தாழ்ந்துவிட்டதாகக் கண்டறிந்தது. கடல்மட்டம் உயர்வதால் எதிர்பார்க்கப்படும் ஆபத்தின் பெரும்பகுதியை, கரை கட்டியவர்களின் திட்டமே அரை நூற்றாண்டில் அங்கு உண்டாக்கியிருந்தது. தீமையைக் குறைக்க எடுத்த நடவடிக்கையே தீமையைப் பெருக்குவதை ஆய்வாளர்கள் தவறான தகவமைப்பு என்று குறிப்பிடுகின்றனர்.

இந்தக் கரைகள் நீர் மேம்பாட்டு வாரியத்தின் பொறுப்பில் உள்ளன. கரையின் கீழ் வாழும் மக்கள் தேர்ந்தெடுக்கும் யூனியன் பரிஷத்துக்கு அதன் மீது அதிகாரமும் இல்லை, அதற்கான நிதியும் இல்லை. புதிய கரைக்குத் திட்டம் உண்டு, கடன் உண்டு, ஒப்பந்தம் உண்டு, திறப்பு விழாவும் உண்டு. கட்டிய கரையை ஆண்டுதோறும் பராமரிக்க ஒதுக்கப்படும் பணம் மிகக் குறைவு. 2013இல் உலக வங்கி 40 கோடி டாலர் நிதியளித்த கரை மேம்பாட்டுத் திட்டத்தில் 17 பொல்டர்களைச் சீரமைப்பதாக முதலில் கூறப்பட்டது. இறுதியில் அது பத்தாகக் குறைந்தது.

2009 மே 25ஆம் தேதி வந்த அய்லா, சிதரைவிட வலிமை குறைந்த புயல். உயிரிழப்பும் ஒப்பீட்டளவில் குறைவே. ஆனால் குல்னா, சாத்கீரா மாவட்டங்களில் கரைகள் பல இடங்களில் உடைந்தன. சில உடைப்புகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடைக்கப்படாமல் இருந்தன. அந்தக் காலம் முழுவதும் நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்கிய கிராமங்களின் மக்கள், எஞ்சிய கரைகளின் மேல் குடிசை கட்டி வாழ்ந்தனர். புயலில் இறக்காதவர்கள் நிலத்தையும், கால்நடைகளையும், பலர் இறுதியில் ஊரையும் இழந்தனர்.

உப்புநீரும் இறாலும்

கரைகளின் பலவீனத்துக்கு அலட்சியம் மட்டுமே காரணமல்ல. 1980களிலிருந்து ஏற்றுமதிக்கான இறால் வளர்ப்பு அப்பகுதியில் வேகமாகப் பரவியது. உப்புநீரை வெளியே நிறுத்தக் கட்டப்பட்ட கரையைப் பல இடங்களில் துளைத்துக் குழாய் பதித்து, உப்புநீரை உள்ளே கொண்டுவந்தனர். கரையைத் துளைப்பது சட்டப்படி குற்றம். ஆனால் இறால் பண்ணை உரிமையாளர்களின் செல்வாக்கின் முன் அந்தச் சட்டம் பெரும்பாலும் செயலற்றுப் போனது. ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருந்தவருக்குக் குத்தகைப் பணம் கிடைத்தது. நெல் நடவு, அறுவடைக் கூலியை நம்பியிருந்தவருக்கு வேலை போனது.

எதிர்ப்பும் எழுந்தது. 1990 நவம்பர் 7ஆம் தேதி, 22ஆம் எண் பொல்டருக்குள் இறால் பண்ணை அமைப்பதற்கு எதிராக நடந்த ஊர்வலத்தின் முன்னணியில் சென்ற கருணாமயி சர்தார் என்ற பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆண்டுதோறும் அந்த நாளில் நிலமற்ற விவசாயிகள் அங்கே கூடி அவரை நினைவுகூர்கின்றனர். அந்தப் பொல்டருக்குள் உப்புநீர் இறால் வளர்ப்பு நுழையவில்லை. பக்கத்துப் பொல்டர்களில் கரை துளைக்கப்பட்டது, அங்கே துளைக்கப்படவில்லை. கரை யாருடைய நலனுக்கானது என்பதை யார் தீர்மானித்தனர் என்பதே இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு.

ஆற்றைத் திறந்துவிட்ட விவசாயிகள்

குல்னா, ஜெசோர் மாவட்டங்களின் உட்பகுதியில் பிரச்சினை வேறு விதமாக வந்தது. ஆறுகள் மேடிட்டதால் மழைநீர் வடிய வழியின்றி வயல்கள் ஆண்டு முழுவதும் நீரில் மூழ்கிக் கிடந்தன. 1990இல் டாகாதியா தாழ்நிலத்தின் விவசாயிகள் தாங்களாகவே கரையை வெட்டி ஆற்றை உள்ளே விட்டனர். அதிகாரிகள் அதனைச் சட்டமீறலாகவே கண்டனர். 1997இல் பாய்னா தாழ்நிலத்திலும் மக்கள் அவ்வாறே செய்தனர். சில ஆண்டுகளில் வண்டல் படிந்து நிலம் உயர்ந்தது, அருகிலிருந்த ஆறும் ஆழமானது.

பழைய எட்டு மாதக் கரையின் அறிவே இதற்கு அடிப்படை. பின்னர் பொறியாளர்களும் இதனை ஏற்றுக்கொண்டு ஓத நீர் மேலாண்மை என்ற பெயரில் அரசுத் திட்டமாக்கினர். ஆனால் ஒரு தாழ்நிலத்தைத் திறந்துவிட்டால் அங்கே மூன்று, நான்கு ஆண்டுகளுக்குப் பயிர் செய்ய முடியாது. சுற்றியுள்ள பத்து ஊர்களின் நன்மைக்காக ஓர் ஊரின் நிலம் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். அதற்கான இழப்பீட்டைப் பெற நிலப் பத்திரங்கள் கேட்கப்பட்டன. பாகப் பிரிவினையால் பத்திரம் சிக்கலானவர்களுக்கும் வாரக்குடியானவர்களுக்கும் அது எட்டாக்கனியானது. 2012இல் கபாலியா தாழ்நிலத்தில் திட்டத்தைத் தொடங்க முயன்றபோது மோதல் வெடித்தது, பணி நின்றது. சரியான உத்தி கையில் இருந்தும், இழப்பை யார் தாங்குவது என்ற கேள்விக்கு நியாயமான விடை காணப்படாததால் அது முடங்கியது.

நிதி யார் கையில்?

பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள 2009இல் வங்கதேசம் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. வெளிநாட்டு உதவிக்குக் காத்திராமல் தன் சொந்த வரவு செலவுத் திட்டத்திலிருந்தே பருவநிலை மாற்ற அறக்கட்டளை நிதியத்தையும் உருவாக்கியது. வளரும் நாடுகளுக்கு அது முன்னோடியான நடவடிக்கை. நிதியத்தின் 66 சதவீதத்தைத் திட்டங்களுக்குச் செலவிட வேண்டும், 34 சதவீதத்தை அவசரத் தேவைக்காக வங்கியில் வைப்பாக வைத்திருக்க வேண்டும் என்று 2010இன் சட்டம் கூறியது.

ஆனால் திட்டங்களைத் தேர்ந்தெடுப்பதில் ஆபத்தின் அளவைவிட அரசியல் செல்வாக்கே மேலோங்கியதாக ஊழல் ஒழிப்பு அமைப்பான டிரான்ஸ்பரன்சி இண்டர்நேஷனலின் வங்கதேசக் கிளை பல அறிக்கைகளில் குற்றம்சாட்டியது. நிதியத்தின் சுமார் 500 கோடி டாக்கா, நெருக்கடியில் சிக்கிய ஒரு தனியார் வங்கியில் வைப்பாக இருந்து திரும்பப் பெற முடியாமல் போனது 2018இல் வெளிவந்தது. மறுபுறம், பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் 2010இல் ஏற்படுத்திய இன்னொரு நிதியம் உலக வங்கியின் மேற்பார்வையில் வைக்கப்பட்டது. அதன் கட்டுப்பாடு யாரிடம் இருக்க வேண்டும் என்ற பிணக்கு தீராமலே அது சில ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது.

உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவான பங்கே கொண்ட நாடு, மற்றவர்கள் உண்டாக்கிய இழப்பைச் சுமக்கிறது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. 2050 வரையிலான தேசியத் தகவமைப்புத் திட்டத்துக்கு 23,000 கோடி டாலர் தேவை என்று அரசு கணக்கிட்டது. இழப்பும் சேதமும் குறித்த சர்வதேச நிதியம் 2022இல் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டதில், 2023இல் காலமான வங்கதேச விஞ்ஞானி சலீமுல் ஹக்கின் பல ஆண்டுக்கால உழைப்புக்கு முக்கியப் பங்கு உண்டு. அதே சலீமுல் ஹக், வரும் பணம் தலைநகரங்களில் தங்கிவிடாமல் பாதிக்கப்படும் ஊர்களின் முடிவுக்கு உட்பட்டுச் செலவாக வேண்டும் என்றும் இடைவிடாது வலியுறுத்தி வந்தார்.

கொடி இல்லாத ஆபத்து

புயல் ஒரு நாளில் வருகிறது. உப்பு ஆண்டுக்கணக்கில் வருகிறது. வங்கதேசத்தில் உப்புப் பாதித்த நிலத்தின் பரப்பு 1973இல் சுமார் 8.3 லட்சம் ஹெக்டேராக இருந்தது, 2009இல் அது சுமார் 10.6 லட்சம் ஹெக்டேராக உயர்ந்தது. தாகோப் பகுதியில் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வுகள், குடிநீரில் உள்ள உப்புக்கும் கருவுற்ற பெண்களின் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதைச் சுட்டிக்காட்டின. உப்பைத் தாங்கும் நெல் ரகங்களை அந்நாட்டு விஞ்ஞானிகள் உருவாக்கியுள்ளனர். ஆனால் குடிநீருக்கு அப்படியொரு மாற்று எளிதல்ல. எத்தனையாவது ஆண்டில் எத்தனையாவது கொடியை ஏற்றுவது என்பது இங்கே எந்த நிலையாணையிலும் இல்லை.

உப்பு ஏறுவதற்குக் கடல் மட்டுமே காரணமல்ல. 1975இல் இந்தியா ஃபராக்கா அணையை இயக்கத் தொடங்கிய பின்னர், வறண்ட மாதங்களில் தென்மேற்கு ஆறுகளுக்கு வரும் நன்னீர் குறைந்தது. 1996 டிசம்பரில் இரு நாடுகளும் 30 ஆண்டுகளுக்கான கங்கை நீர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 2024 ஆகஸ்டில் ஃபேனி உள்ளிட்ட கிழக்கு மாவட்டங்களில் ஏற்பட்ட வெள்ளத்தில் ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டபோது, எல்லைக்கு அப்பால் அணை திறக்கப்பட்டதே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இந்தியா அதனை மறுத்தது. ஆற்று நீரின் அளவு பற்றிய தகவல் பரிமாற்றமும் தகவமைப்பின் ஒரு பகுதியே என்பதை அந்தச் சர்ச்சை உணர்த்தியது.

அதே மாதத்தில்தான் ஷேக் ஹசீனாவின் அரசு வீழ்ந்தது. உபஜிலா தலைவர்களும் மேயர்களும் பதவி நீக்கப்பட்டனர். பல யூனியன்களில் தலைவர்கள் தலைமறைவாயினர். உள்ளாட்சித் தலைவர்கள் நெடுங்காலம் ஆளுங்கட்சியின் நீட்சியாகவே இருந்துவந்ததால், கட்சி வீழ்ந்தபோது அவர்களுடைய இருக்கைகளும் வெறுமையாயின. பேரிடர்க் குழுக்களுக்குத் தலைமை தாங்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

மற்றக் கரைகளுக்கும் உரிய பாடம்

வங்கக் கடலையும் அதன் அண்டைக் கடல்களையும் ஒட்டி வாழும் தமிழர்களுக்கு இந்த அனுபவம் அந்நியமானதல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி கடலோரத்தைக் கடந்தபோது, பல நாள் மீன்பிடிப்புக்காக ஏற்கெனவே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டவர்களுக்கு எச்சரிக்கையைக் கொண்டு சேர்க்கும் வழி இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்சரிவுகள் அதில் பெரும் பங்கு வகித்தன. இரண்டு சந்தர்ப்பங்களிலும் பின்னர் கேட்கப்பட்ட கேள்விகள், வானிலைக் கணிப்பைவிடவும், அந்தக் கணிப்பு கடைசி மனிதரிடம் போய்ச் சேர்ந்ததா, அவர் போவதற்கு ஓர் இடம் இருந்ததா என்பது பற்றியவையாக இருந்தன.

வங்கதேசம் முதல் கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளில் விடை கண்டது. பொறுப்பு யாருடையது என்று எழுதி வைக்கப்பட்டது. அந்தப் பொறுப்பாளர் ஆபத்தில் இருப்பவர்களின் அண்டை வீட்டாராக இருந்தார். ஒவ்வொரு புயலும் அந்த ஏற்பாட்டைச் சோதித்தது, ஒவ்வொரு தோல்வியும் அடுத்த திருத்தத்துக்கு வழிவகுத்தது. கரைகளைப் பொறுத்தவரை இந்த மூன்றும் இல்லை. முடிவெடுப்பவர் கரையின் கீழ் வாழ்வதில்லை, கரை உடைந்தால் அவர் எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதுமில்லை. 2018இல் நெதர்லாந்தின் உதவியோடு ஏற்கப்பட்ட டெல்டா திட்டம் 2100ஆம் ஆண்டு வரை நோக்குகிறது. அதன் வெற்றி, கரை உயர்த்தப்படும் மீட்டர்களில் மட்டும் அல்லாமல், இந்தக் குறை நீங்குகிறதா என்பதிலும் தங்கியுள்ளது.

2024 மே 26ஆம் தேதி ரேமல் சூறாவளி வந்தபோது சுமார் எட்டு லட்சம் பேர் முன்கூட்டியே காப்பிடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். மூன்று கொடிகள் ஏறின, தொண்டர்கள் வீடு வீடாகச் சென்றனர், உயிரிழப்பு மிகக் குறைவாகவே இருந்தது. புயல் ஓய்ந்து காப்பிடத்திலிருந்து வெளியே வந்த குல்னா மாவட்ட மக்கள், கரைகள் மீண்டும் உடைந்திருப்பதைக் கண்டனர். மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு அவர்களே மறுபடியும் கரைக்குச் சென்றனர்.